செப்டிக் டேங்க்: ஆள் இறங்காமல் காப்பது நம் கையில்

(பாஞ்சாலங்குறிச்சியில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி ஒருவர் ஆற்றிய உரை. சில இடங்களில் மட்டும் சுருக்கி, பேசியபடியே வெளியிடுகிறோம்.)

 

என்ன தலைப்பில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் என் மருமகள் சிரித்துவிட்டாள். "ஏன் மாமா, இத்தனை பேர் கூடுற இடத்துல போய் கக்கூஸ் தொட்டியைப் பத்தியா பேசப் போறீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். வீடு கட்டும்போது தரைக்கு டைல்ஸ் எது, கதவுக்குத் தேக்கா வேம்பா, சமையலறை எந்தப் பக்கம் என்று ஆறு மாதம் பேசுகிறோம். செப்டிக் டேங்கைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசியிருப்போமா? "மேஸ்திரி, நீங்களே பார்த்து ஒரு குழியைப் போட்டுருங்க" என்பதோடு முடிந்துவிடும். நாற்பது வருஷம் அந்த வார்த்தையைக் கேட்டவன் நான்.

சுத்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலிம்கள் சொல்வார்கள். தண்ணீர் இல்லாமல் கழிப்பறைக்குப் போகிற பழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கிடையாது. குறை அதற்குப் பிறகுதான் வருகிறது. தண்ணீரை ஊற்றினோம், கண்ணுக்கு மறைந்தது, கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். கணக்கு முடியவில்லை. அது நம் வாசலுக்குக் கீழேயே சேர்ந்துகொண்டிருக்கிறது.

2020-ம் வருஷம் ஜூலை மாதம், கொரோனா ஊரடங்கு நேரம். தட்டப்பாறை பக்கம் கீழ செக்காரக்குடி உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர்தான். அங்கே ஒரு வீட்டில் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வீரவநல்லூரிலிருந்து நான்கு இளைஞர்கள் வந்தார்கள். நான்கு பேரும் அந்தத் தொட்டிக்குள்ளேயே விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். பட்டணத்துப் பாதாளச் சாக்கடையில் நடந்ததல்ல இது. நம் வீட்டில் இருப்பதைப் போன்ற ஒரு வீட்டுத் தொட்டி. கூலிக்கு வந்த நான்கு வீட்டுப் பிள்ளைகள் மையித்தாகத் திரும்பிப் போனார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை இதுவரை மேடையில் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நானும் ஆளை இறக்கியவன்தான்.

எனக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். ஒரு வீட்டில் கல்யாணம். வேலைக்கு நான்தான் பொறுப்பு. பந்தல் போட்டாகிவிட்டது, விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள், கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. ஒருவரைக் கூட்டி வந்தேன். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டோம். வாளியைக் கொடுத்து, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினேன். இரண்டு வாளி மேலே வந்தது. மூன்றாவது வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கயிறு கட்டியிருந்ததால் நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம். அல்லாஹ்வின் கிருபை, அவர் பிழைத்தார். கயிறு கட்டச் சொன்னது என் புத்தி இல்லை. அந்த வீட்டுப் பெரியம்மா, "சும்மா இறக்காதே வாப்பா, ஒரு கயித்தையாவது கட்டு" என்று சொன்னதால் கட்டியது. அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்த மேடையில் நிற்கிற ஆளாக இருந்திருக்க மாட்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். காற்றுப் புகாத இடத்தில் மலம் அழுகும்போது மீத்தேன், கரியமிலவாயு, ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் உண்டாகின்றன. பிராணவாயு குறைந்துபோகிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்பது அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். நாற்றம் அடித்தால் வாயு இருக்கிறது, அடிக்காவிட்டால் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பெரிய தப்பு. அந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் மூக்குக்குத் தெரியும். அதிகமானால் மூக்கின் மோப்பமே செத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆபத்து அதிகம். இன்னும் கூடினால் இரண்டு மூச்சு இழுத்ததும் ஆள் விழுந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

மூடியைத் திறந்து வைத்தால் வாயு போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். மேலே இருப்பது போகும். அடியில் கிடக்கும் சேற்றுக்குள் அடைந்திருப்பது போகாது. காலை வைத்துக் கிளறினால், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி குபுகுபுவென்று வெளியே வரும். இன்னும் சிலர் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், விளக்கு அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்று. மீத்தேன் தீப்பற்றுகிற வாயு. அங்கே நெருப்பைக் கொண்டுபோவது எப்படிப்பட்ட வேலை என்று நீங்களே யோசியுங்கள். தவிர, ஆளைக் கொல்கிற அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும்.

ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் காப்பாற்றக் குதிக்கிறார். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று 1986-லேயே கணக்கெடுத்துச் சொன்னது: இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள். நம் ஊரிலும் அதுதான் நடக்கிறது. அண்ணன் விழுந்தால் தம்பி, வாப்பா விழுந்தால் மகன். யாராவது உள்ளே விழுந்துவிட்டால், கல்லாக மனசை ஆக்கிக்கொண்டு வெளியே நில்லுங்கள். 101-க்குப் பேசுங்கள், தீயணைப்புக்காரர்கள் பிராணவாயு சிலிண்டரோடு வருவார்கள். 108-க்கும் பேசுங்கள். கயிறு கட்டியிருந்தால் வெளியிலிருந்து இழுங்கள். உள்ளே மட்டும் இறங்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டபின், "அப்போ மெஷின் லாரியைக் கூப்பிட்டால் போச்சு, ஆள் எதுக்கு?" என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஆனால் லாரி வந்த பிறகும் ஆள் ஏன் இறங்குகிறார் தெரியுமா? பதினைந்து வருஷம், இருபது வருஷம் திறக்காமல் வைத்திருந்த தொட்டியில் அடிச்சேறு களிமண் மாதிரி இறுகிப்போயிருக்கும். லாரிக் குழாய் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு நின்றுவிடும். "அடியில கட்டியா கிடக்கு, ஒரு ஆள் இறங்கி வெட்டினாத்தான் ஆகும்" என்பார் லாரிக்காரர். வீட்டுக்காரர் ஐந்நூறு ரூபாய் கூடத் தருவார். அந்த நிமிஷத்தில் ஒரு மனிதர் உள்ளே இறங்குகிறார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்திருந்தால் அது குழம்பு மாதிரி இருக்கும், குழாயே இழுத்துக்கொள்ளும், யாரும் இறங்க வேண்டியதில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். பராமரிப்பு என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்களே, நாற்றத்துக்காகவும் கொசுவுக்காகவும் மட்டும் செய்கிற காரியமல்ல அது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும். சுமார் 1860-ல் பிரான்ஸ் நாட்டில் மூரா என்பவர் இப்படி ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், அதற்குள் போன அளவுக்குத் திடக்கழிவு இல்லை. எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று கரைத்துவிட்டன. பிறகு 1895 வாக்கில் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தில் கேமரன் என்ற அதிகாரி பெரிய அளவில் ஒன்று கட்டி அதற்கு செப்டிக் டேங்க் என்று பேர் வைத்தார். செப்டிக் என்றால் அழுகவைப்பது. அந்தப் பேர்தான் இன்றைக்கு நம் ஊர்க் கொத்தனார் வாயிலும் புழங்குகிறது.

நல்ல தொட்டியில் மூன்று அடுக்கு இருக்கும். கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெய், கொழுப்பு எல்லாம் மேலே ஆடை மாதிரி மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர். அந்த நடுத்தண்ணீர் மட்டும்தான் வெளியே உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் டீ போடுகிறோம். டீ என்றால் குடிக்கிற டீ இல்லை, ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும் பிவிசி துண்டு. அது உடைந்தாலோ, கொத்தனார் மிச்சம் பிடித்துப் போடாமல் விட்டாலோ, மேல் ஆடை அப்படியே உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் கண்ணை அடைத்துவிடும். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் சாமான் இல்லாததால் மொத்தக் குழியும் வீணாகிப் புதுக்குழி வெட்டிய வீடுகளை எனக்குத் தெரியும்.

இந்திய தர நிர்ணயத்தின் கணக்குப்படி ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். சுமார் 1100 லிட்டர். அதற்குக் குறையக் கூடாது. நம் பக்கத்தில் பல பேர் இதைவிடப் பெரிதாகவே கட்டுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் நடுத்தடுப்பு இல்லை, அடியில் தளம் இல்லை. சும்மா உறையை இறக்கி மூடி போட்டுவிட்டு அதை செப்டிக் டேங்க் என்கிறார்கள். "எங்க வீட்டுத் தொட்டி இருபது வருஷமா நிறையவே இல்ல" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். நிறையவில்லை என்றால் அது ஓட்டை. அத்தனையும் பூமிக்குள் போகிறது. பத்தடி தள்ளி அவர் வீட்டு அடிபம்பு.

அடியில் சேறும் மேல் ஆடையும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டால் எடுத்துவிட வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு அது இரண்டு மூன்று வருஷத்தில் வரும். முழுக்கக் கழுவித் துடைத்து எடுக்கத் தேவையில்லை. அடியில் கொஞ்சம் சேறு இருக்கட்டும், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. கடையில் பொடி விற்கிறார்கள், இதைப் போட்டால் பத்து வருஷம் லாரியே வேண்டாம் என்று. வாங்காதீர்கள். தேவையான கிருமிகள் நம் வயிற்றிலிருந்தே போதுமான அளவு போகின்றன. எந்தப் பொடியும் மணலையும் நெகிழியையும் தின்னாது.

சகோதரிகளே, இனி சொல்வது ஆண்களுக்கும் சேர்த்துத்தான், ஆனால் வீட்டை நடத்துகிறவர்கள் நீங்கள். நாப்கின், பிள்ளைகளின் டயப்பர், ஈரத் துடைப்பான், முடி, டீத்தூள், பொரித்த எண்ணெய் எதுவும் கழிப்பறை வழியே போகக் கூடாது. வெட்கத்தினால் நாப்கினை உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். கழிப்பறையிலேயே மூடி போட்ட ஒரு சின்ன வாளியும் பழைய பத்திரிகைத் தாளும் வைத்துவிட்டால் அந்த வெட்கத்துக்கு வழி இருக்கிறது. இதை ஆண்கள் வாங்கி வைக்க வேண்டும், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பினாயிலும் ஆசிடும் வாரம் முழுக்க ஊற்றினால் உள்ளே வேலை செய்கிற கிருமிகள் செத்துப்போகும். தேய்ப்பதற்குக் கொஞ்சம் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிற வேலையே வேண்டாம். அதில் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு கழிப்பறைக்குள் நிற்கிறவர்களுக்கு மூச்சுத் திணறிவிடும்.

ஒளு தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. என் வீட்டில் ஒருநாள் குழாய்க்குக் கீழே வாளி வைத்து அளந்து பார்த்தேன். ஒரு தடவைக்கு நாலு லிட்டர் ஆயிற்று, நான் கொஞ்சம் தாராளம். ஐந்து வேளை, ஆறு பேர் என்றால் நாளுக்கு 120 லிட்டர். குளியல், துணி துவைப்பது எல்லாம் அதைவிடப் பல மடங்கு. அத்தனையையும் செப்டிக் டேங்குக்குள் விட்டால் என்ன ஆகும்? உள்ளே போன கழிவு ஒரு நாளாவது அசையாமல் நின்றால்தான் சேறு அடியில் படியும். தண்ணீர் வந்து தள்ளிக்கொண்டே இருந்தால் படியாமலே வெளியேறிவிடும். தவிர, ஒளு செய்த தண்ணீர் அந்தத் தொட்டியில் போய்க் கலப்பது நம் மனசுக்கும் ஒப்பாது. தனிக் குழாய் போட்டு இரண்டு தென்னைக்கோ வாழைக்கோ விட்டுவிடுங்கள். இந்த வறண்ட பூமியில் ஒரு குலை வாழைக்காயாவது கிடைக்கும். பள்ளிவாசலுக்கும் இதே கணக்குத்தான், அங்கே ஜும்ஆவுக்கு வருகிற கூட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

குர்பானி நாள் இன்னொன்று. ரத்தமும் குடல் கழுவிய தண்ணீரும் கொழுப்பும் கழிப்பறை வழியே தொட்டிக்குப் போகின்றன. ரத்தம் அழுகினால் நாற்றம் தாங்காது. கொழுப்பு உறைந்து குழாயை அடைக்கும். பெருநாள் முடிந்து பத்தாவது நாள் எனக்கு வருகிற போன்களே இதற்குச் சாட்சி. வீட்டுக்கு வெளியே, கிணற்றுக்கும் அடிபம்புக்கும் எட்டத்தில், முந்தின நாளே மூன்றடிக் குழி வெட்டி வையுங்கள். ரத்தத்தையும் குடல் கழிவையும் அதில் விட்டு, மேலே சுண்ணாம்புத்தூள் தூவி, நாய் தோண்டாதபடி மண்ணை நன்றாக மூடிவிடுங்கள்.

மண்ணுக்கு வருகிறேன். இந்த ஊரில் நின்றுகொண்டு மண்ணைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் மண்ணாலேயே மறுபடி எழுப்பினார். அந்த வருஷம் மார்ச் மாதம் தாக்க வந்த கும்பெனிப் படை அந்த மண்சுவரிடம் தோற்றுப் பின்வாங்கியது. சுற்றுவட்டாரத்தில் கரிசல் மண் பீரங்கிக் குண்டை என்ன செய்ததோ தெரியாது, தண்ணீரை அது விடவே விடாது. அதுதான் நமக்குச் சங்கடம். கோடையில் கைவிட்டுப் பார்க்கிற அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊதி இறுகிப்போகும். கோடையில் உறிஞ்சு குழித் தண்ணீர் வெடிப்பு வழியே எங்கே போகிறதென்று தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சொட்டும் இறங்காது. "மழைக்காலத்துல டேங்க் நிறைஞ்சிருச்சு" என்கிறீர்களே, பல சமயம் டேங்க் நிறையவில்லை, உறிஞ்சு குழிதான் மூச்சு முட்டிக் கிடக்கிறது. கரிசலில் கட்டும்போது தொட்டியைச் சுற்றி ஒரு அடியாவது மணல் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் மண் ஊதி ஊதி சுவரை வெடிக்கவைத்துவிடும். உறிஞ்சு குழியை ஆழமாக வெட்டுவதைவிட, அகலமாக வெட்டி ஜல்லியும் மணலும் போடுவது நல்லது.

காயல்பட்டினம், குலசை பக்கம் சம்பந்தம் வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே கதை நேர் எதிர். மணல். ஊற்றினதெல்லாம் உடனே கீழே போய்விடும், அதனால் யாருக்கும் பிரச்சினையே தெரியாது. ஆனால் அங்கே நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிற ஒரு படலம். அதில்தான் நம் தொட்டித் தண்ணீரும் போய்ச் சேர்கிறது. பார்த்தால் தெளிவாக இருக்கும், நாற்றமும் இருக்காது. பிள்ளைக்கு மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றுப்போக்கு வரும். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் நடுவில் ஐம்பது அடியாவது விடுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நம் சுவரை ஒட்டிக் குழி வெட்டினால் அவர்கள் கிணறு கெடும். அண்டை வீட்டார் ஹக் என்று மிம்பரில் கேட்பது இந்த இடத்துக்கும் பொருந்தும்தானே? அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் அதே ஹக்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தொட்டித் தண்ணீரும் தெருத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் முதலில் லாரியைத் தேடினார்கள். அது அவசரம். நிலத்தில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், சுற்றி நிற்கிற தண்ணீர் அமுக்கி சுவர் வெடிக்கும், பைபர் தொட்டியாக இருந்தால் கப்பல் மாதிரி மேலே கிளம்பிவிடும். கிணற்றில் நீர்மட்டம் பழைய அளவுக்கு இறங்கும்வரை பொறுங்கள். அதுவரை தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குங்கள். கிணற்றுக்குக் குளோரின் போடாமல், கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள்.

மூடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னஞ்சிறு பெண்குழந்தை செப்டிக் டேங்கில் விழுந்து இறந்துபோனது. இரும்புத் தகட்டு மூடி வேண்டாம், உள்ளிருந்து வரும் வாயு அதை அடியிலிருந்து அரித்துவிடும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கனமான கான்கிரீட் மூடி போட்டு, விளிம்பைப் பூசிவிடுங்கள். ஆனால் மூடி எங்கே என்று தெரியாதபடி மேலே டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். கார் நிறுத்துகிற இடத்தில் டைல்ஸைப் பெயர்க்க மனசு வராமல் பதினெட்டு வருஷம் திறக்காத வீடு எனக்குத் தெரியும், அது என் சொந்த மச்சான் வீடு. காற்றுக் குழாயின் உச்சியில் கொசுவலைத் துணி கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்புகிற க்யூலெக்ஸ் கொசுவுக்கு இந்தத் தொட்டியைவிடப் பிடித்த இடம் கிடையாது.

இனி லாரி. செலவு அதிகம் என்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு ஆகிற பிரியாணிச் செலவுகூட வராது. உரிமம் உள்ள லாரியா என்று கேளுங்கள். 14420 என்ற எண்ணில் அரசாங்க உதவி மையம் இருக்கிறது. எடுத்ததை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள் என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் முதலில் 2017-ல் கருங்குழியில் வந்தது, பிறகு பல ஊர்களில் வந்துவிட்டது. நாம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசினால் லாரிக்காரர் இருட்டோடு இருட்டாகப் பக்கத்து ஓடையிலோ கண்மாயிலோ திறந்துவிட்டுப் போய்விடுவார். மக்கள் நடக்கிற வழியிலும் நீர்த்துறையிலும் அசுத்தம் செய்யக் கூடாது என்று சின்ன வயசில் மதரஸாவில் படித்தவர்கள்தான் நாம். லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செய்தாலும் அது அதுதான்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2013-ம் வருஷத்துச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்கில் இறக்கினால், இறக்கினவருக்கு முதல் தடவையே இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். கான்ட்ராக்டருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் இது உண்டு. "அவராகத்தான் இறங்கினார்" என்று சொல்லித் தப்ப முடியாது. இறந்துபோனவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் நல்லதுதான். ஆனால் எனக்கு அந்தக் கல்யாண வீட்டுக் கயிறுதான் ஞாபகத்துக்கு வரும்.

கேள்விகள் துண்டுச்சீட்டில் வந்திருக்கின்றன. "அரசுத் திட்டத்தில் கட்டிய இரட்டைக் குழிக் கழிப்பறைக்கும் லாரி வேண்டுமா?" வேண்டாம். ஒரு குழி நிறைந்ததும் அடுத்த குழிக்குத் திருப்பிவிடுங்கள். நிறைந்ததை இரண்டு வருஷம் தொடாமல் மூடி வைத்தால் மண் மாதிரி ஆகிவிடும், மண்வெட்டியால் அள்ளி மரத்துக்குப் போடலாம். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போகிற மாதிரி கட்டியிருந்தால் மட்டும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள். அந்தத் தப்பு நிறைய இடத்தில் நடந்திருக்கிறது.

அடுத்தது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து: "எங்கள் வீட்டில் தொட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, வீட்டைக் கட்டினவர் மவுத்தாகிவிட்டார்." இப்படி நிறைய வீடுகள் உண்டு ராத்தா. கழிப்பறையிலிருந்து குழாய் எந்தத் திசையில் வெளியேறுகிறது என்று பார்த்து, அந்த வழியே கடப்பாரையால் லேசாகத் தட்டிக்கொண்டு போனால் சத்தம் மாறும். என்னைக் கூப்பிடுங்கள், நானே வருகிறேன், கூலி வேண்டாம். கண்டுபிடித்ததும் மூடி இருக்கிற இடம், கடைசியாக எடுத்த தேதி இரண்டையும் மீட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் பெயிண்டில் எழுதிவிடுங்கள். நமக்குப் பிறகு வருகிறவர்கள் தேடக் கூடாது.

"உங்கள் வீட்டில் எப்போது எடுத்தீர்கள்?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பேர் போடவில்லை, கையெழுத்து எனக்குத் தெரியும். போன வருஷம் எடுத்திருக்க வேண்டும், தள்ளிப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரி வருகிறது. நம் தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டால் லாரிக்காரர் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சேர்கிறவர்கள் தொழுகை முடிந்ததும் என்னிடம் பேர் கொடுங்கள். அன்றைக்குப் பார்க்க வருகிறவர்கள் காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள், பீடி வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள்.